ஊருக்குப் பணம் அனுப்பும் திரை: தவறினால் குற்றம் யாருடையது?

2024-ம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மும்பை தாராவியில் 90 அடி ரோடு. ஜவுளிக்கடை, பலகாரக்கடை, பட்டாசுக்கடை என்று எங்கு பார்த்தாலும் கூட்டம். எங்கும் தமிழ்க் குரல்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையில் இருந்த செல்போனையே வெறித்துப் பார்த்தபடி நின்று கொண்டு இருந்தார். வயது 50 இருக்கும். நெல்லைச் சீமைக்காரர். விடிவதற்கு முன்பே எழுந்து, இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மாகிம் பக்கம் தெருத் தெருவாக விற்று வருகிறவர். எனக்குப் பல ஆண்டுப் பழக்கம்.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி நிக்கிய?" என்று கேட்டேன்.

"எட்டாயிரம் ரூபாய் போயிட்டு தம்பி" என்றார். அவருக்குக் குரல் கம்மி இருந்தது.

நடந்தது இதுதான். ஊரில் அவருடைய தாயார் இருக்கிறார். வயது 70-க்கு மேல். அவரிடம் செல்போன் கிடையாது. வங்கிக்கு நடந்து போகவும் தெம்பு இல்லை. ஆகவே அண்ணாச்சி மாதாமாதம் தன் மைத்துனருக்குப் பணம் அனுப்புவார். அவர் அதை எடுத்துக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுப்பார். மருந்து, மளிகை எல்லாம் அந்தப் பணத்தில்தான். இந்த முறை தீபாவளித் துணிமணிக்கும் சேர்த்து ரூ.8 ஆயிரம்.

மைத்துனர் சில மாதங்களுக்கு முன்பு செல்போன் எண்ணை மாற்றி விட்டார். அண்ணாச்சி புது எண்ணைப் பதிந்து வைத்துக் கொண்டார். ஆனால் பழைய எண்ணை அழிக்கவில்லை. போனில் "ஊர் மச்சான்" என்று ஒன்றும், "ஊர் மச்சான் புதுசு" என்று ஒன்றுமாக இரண்டு பெயர்கள் இருந்தன. அவசரத்தில் முதல் பெயரைத் தொட்டு விட்டார். திரையில் "ஊர் மச்சான்" என்று பெரிய எழுத்தில் வந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் வேறு ஏதோ ஒரு பெயர். ரகசிய எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. பச்சை நிறத்தில் 'டிக்' விழுந்தது.

பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் மைத்துனருக்கு அல்ல. அந்தப் பழைய எண்ணை இப்போது வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு!

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் தம்பி. படிக்காதவன் கையில போனைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக் கொண்டார்.

அந்த வார்த்தைதான் என் நெஞ்சில் தைத்தது. அவர் 30 ஆண்டுகளாக இந்த நகரத்தில் கணக்கு வழக்கோடு வியாபாரம் செய்கிறவர். ஒரு ரூபாய் ஏமாற மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே விநாடியில் ஏமாந்தார் என்றால், குற்றம் அவருடைய புத்தியிலா? அல்லது அவருக்குக் காட்டப்பட்ட திரையிலா?

மணியார்டர் பாரம்

இந்தக் கேள்வியை மாட்டுங்காவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன். கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மணியார்டர் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தவர்.

அவர் சிரித்தபடியே சொன்னார்:

"மணியார்டர் பாரத்தை நீங்க சாதாரணமா நினைக்காதீங்க. தொகையை எண்ணாலும் எழுதணும், எழுத்தாலும் எழுதணும். ஒரு பூஜ்யம் கூடினாலும் குறைஞ்சாலும் அங்கேயே தெரிஞ்சு போயிடும். கவுண்டர்ல இருக்கிறவர் ஒரு தடவை வாசிச்சுப் பார்ப்பார். அங்கே ஊர்ல தபால்காரர் ஆளைப் பார்த்துத்தான் பணத்தைக் கொடுப்பார். வாங்கினவங்க கையெழுத்தோ கைநாட்டோ போட்ட சீட்டு நமக்குத் திரும்பி வரும். அதைப் பார்த்த பிறகுதான் நமக்குத் தூக்கம் வரும்."

யோசித்துப் பாருங்கள். இந்தியத் தபால் துறையில் மணியார்டர் 1880-ம் ஆண்டு தொடங்கியது. கம்ப்யூட்டர் என்ற சொல்லே மக்கள் காதில் விழாத காலம். ஆனாலும் அந்தப் பாரத்திலும் அதைச் சுற்றி இருந்த ஏற்பாட்டிலும் நான்கு காவல்கள் இருந்தன. தொகையைச் சரிபார்க்க ஒரு காவல். விலாசத்தைச் சரிபார்க்க ஒரு காவல். ஆளைச் சரிபார்க்க ஒரு காவல். போய்ச் சேர்ந்ததா என்று தெரிவிக்க ஒரு காவல்.

மணியார்டர் போய்ச்சேர நாள் கணக்கில் ஆயிற்று. கமிஷனும் கொடுக்க வேண்டி இருந்தது. செல்போனில் ஒரு விநாடியில் போகிறது; ஊருக்கு அனுப்ப காசு செலவும் இல்லை. லாபம் நமக்குத்தான், சந்தேகம் இல்லை. ஆனால் வேகம் வந்தபோது அந்த நான்கு காவல்களும் வந்தனவா? இதுதான் கேள்வி.

கதவு சொல்லும் கதை

'சாப்ட்வேர்' என்று சொன்னதும் அது ஏதோ என்ஜினீயர்கள் சமாசாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். உண்மையில் அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, உள்ளே ஓடும் கணக்கு. இன்னொன்று, வெளியே நம் கண்ணுக்குத் தெரியும் முகம். பட்டன் எங்கே இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரிது, எதற்குப் பிறகு எது வருகிறது, தவறு நேர்ந்தால் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அந்த முகம். உள்ளே கணக்கு சரியாக இருந்தும், முகம் சரியில்லாவிட்டால் பயன்படுத்துகிறவன் தடுமாறுவான்.

அமெரிக்க அறிவியல் அறிஞர் டொனால்டு நார்மன் 1988-ம் ஆண்டு வெளியிட்ட புத்தகம் ஒன்றில் இதற்கு எளிய உதாரணம் சொன்னார். அது என்ன? கதவு!

பெரிய கட்டிடங்களில் கண்ணாடிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். பிடித்து இழுப்பதற்கு வாகாகக் கைப்பிடி இருக்கும். இழுத்தால் வராது. தள்ள வேண்டும்! சுற்றி இருப்பவர்கள் பார்ப்பார்கள். நமக்கு வெட்கமாக இருக்கும். "சே, எனக்கு இதுகூடத் தெரியவில்லையே" என்று நினைப்போம்.

நார்மன் என்ன சொல்கிறார்? தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியை வைத்தவன்தான் குற்றவாளி. கைப்பிடிக்குப் பதிலாக வெறும் தகடு வைத்திருந்தால் யாரும் சொல்லாமலே எல்லோரும் தள்ளுவார்கள். ஒரே தவறைப் பலர் செய்கிறார்கள் என்றால், அது மனிதர்களின் தவறு அல்ல. பொருளின் அமைப்பில் உள்ள தவறு என்பது அவர் கட்சி.

இட்லிக்கார அண்ணாச்சிக்கு நேர்ந்ததும் இதுதான். அவரே தன் போனில் வைத்துக்கொண்ட பட்டப் பெயரைப் பெரிதாகக் காட்டி, கணக்குக்கு உரிய ஆளின் பெயரைப் பொடி எழுத்தில் காட்டியது இழுக்கும் கைப்பிடியை வைத்தது போலத்தான்.

அட்டையா, பணமா - எது முதலில்?

இப்படிப்பட்ட கோளாறுகளைத் திருத்த முடியுமா? திருத்திய கதைகள் உண்டு.

ஏ.டி.எம். இயந்திரத்தை எடுத்துக் கொள்வோம். உலகின் முதல் பணம் வழங்கும் இயந்திரம் 1967-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி லண்டனில் என்பீல்டு பகுதியில் பார்க்ளேஸ் வங்கிக் கிளையில் வைக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்டு பேரன். அவர் பிறந்தது நம் நாட்டில், ஷில்லாங் நகரில் என்பது பலருக்குத் தெரியாத சேதி.

ரகசிய எண்ணை 6 இலக்கமாக வைக்கலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ராணுவத்தில் இருந்தபோது தனக்குக் கொடுக்கப்பட்ட 6 இலக்க எண் அவருக்கு மனப்பாடம். மனைவியிடம் கேட்டார். "எனக்கு 4 இலக்கம்தான் ஞாபகத்தில் நிற்கும்" என்று அந்த அம்மையார் சொல்லி விட்டார். சமையலறை மேஜையில் நடந்த அந்தப் பேச்சால்தான் ரகசிய எண் 4 இலக்கமாயிற்று என்று அவரே பிற்காலத்தில் கூறினார்.

கவனித்தீர்களா? நிபுணருக்கு எளிதாக இருந்தது, வீட்டில் இருந்தவருக்கு எளிதாக இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு சேதி. தொடக்க காலத்து அட்டை இயந்திரங்கள் பல, முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அட்டையைத் திருப்பித் தந்தன. என்ன நடந்தது? பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்தது என்று மனிதன் நடையைக் கட்டினான். அட்டை இயந்திரத்திலேயே கிடந்தது. "அட்டையை மறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினாலும் அது முழுப் பலன் தராது. வரிசையை மாற்றினார்கள். அட்டையை எடுத்தால்தான் பணம் வரும். அட்டையை மறந்து போகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பணத்தை யார் மறப்பார்?

இந்தியாவின் முதல் ஏ.டி.எம். 1987-ம் ஆண்டு நம் மும்பையில்தான் வந்தது. வைத்தது எச்.எஸ்.பி.சி. வங்கி.

மனிதனுக்குப் புத்தி சொல்வதை விட, இயந்திரத்தின் வரிசையை மாற்றுவது சுலபம். சாப்ட்வேர் திருத்தத்தின் சூட்சுமம் இதில் அடங்கி இருக்கிறது.

யூ.பி.ஐ.யில் வந்த திருத்தங்கள்

இப்போது நம் கையில் இருக்கும் யூ.பி.ஐ.க்கு வருவோம். மும்பையைத் தலைமை இடமாகக் கொண்ட தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் (என்.பி.சி.ஐ.) உருவாக்கிய ஏற்பாடு இது. 2016-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந்தேதி, அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன் இதைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி 'பீம்' செயலி வந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யூ.பி.ஐ. வழியாக 2 ஆயிரம் கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறி இருக்கிறது. ஒரே ஒரு மாதத்தில்!

இவ்வளவு பேர் பயன்படுத்தும் பொருளில் சிறு குறை இருந்தாலும் அது லட்சக்கணக்கானவர்களைத் தாக்கும். அதனால் அவ்வப்போது திருத்தங்கள் வந்தன. மணியார்டரின் நான்கு காவல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் போல இருக்கிறது.

முதலாவது, மொழி. 'பீம்' செயலி வந்தபோது ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. 2017-ம் ஆண்டு தமிழ் உள்பட வேறு மொழிகளும் சேர்க்கப்பட்டன.

இரண்டாவது, சாதாரண போன் வைத்திருப்பவர்கள். தொடுதிரை போன் வாங்க வசதி இல்லாதவர் *99# என்று அழுத்திப் பணம் அனுப்பலாம். சாதாரண போனுக்கென்றே '123 பே' என்ற ஏற்பாட்டை 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது. இதில் ஓர் எண்ணுக்குப் போன் செய்து, குரல் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பணம் அனுப்பவும் வழி உண்டு.

மூன்றாவது, கடைகளில் வைத்திருக்கும் பேசும் பெட்டி. "இவ்வளவு ரூபாய் வந்தது" என்று அது உரக்கச் சொல்கிறது. வடை சுடுகிறவர் எண்ணெய்க் கையோடு போனை எடுத்துப் பார்க்க வேண்டியது இல்லை. போலிப் படத்தைக் காட்டி யாரும் ஏமாற்றுவதும் கடினம். திரையையே பார்க்காமல் வேலை நடக்கும்படி செய்த இந்தப் பெட்டி, சிறு வியாபாரிக்குப் பெரிய உபகாரம்.

நான்காவது, பெயர். இது அண்ணாச்சி விவகாரத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது. பணம் அனுப்பும் முன்பு, வங்கிக் கணக்கில் பதிவாகி இருக்கும் பெயரைத்தான் செயலி காட்ட வேண்டும். நம் போனில் நாமே வைத்த பெயரைக் காட்டக்கூடாது என்று என்.பி.சி.ஐ. உத்தரவு போட்டது. 2025-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதிக்குள் இதை நிறைவேற்றும்படி கெடு விதித்தது. தபால்காரர் ஆளைப் பார்த்துக் கொடுத்த அந்தக் காவல் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது!

ஐந்தாவது, கைவிட்ட எண்கள். ஒருவர் விட்டுவிட்ட செல்போன் எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பது இல்லை. அதன் பிறகு கொடுக்கலாம். வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் நம்மவர்கள் எண்ணை மாற்றுவது சகஜம். எனவே, கைவிடப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்து வாரம் ஒரு முறையாவது தங்கள் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று வங்கிகளுக்கும் செயலிக்காரர்களுக்கும் உத்தரவு வந்தது. இது 2025-ம் ஆண்டு மார்ச் மாத முடிவில் அமலுக்கு வந்தது.

ஆறாவது, 'பணம் கேட்கும்' வசதி. ஒருவர் இன்னொருவருக்கு "எனக்கு இவ்வளவு அனுப்பு" என்று கோரிக்கை விட முடிந்தது. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் மோசடிக்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார்கள். "உங்களுக்குப் பரிசுப் பணம் வருகிறது. ரகசிய எண்ணை அழுத்திப் பெற்றுக் கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கோரிக்கையை அனுப்புவார்கள். நம்பி அழுத்தினால் பணம் வராது, போகும்! தனி நபர்களுக்கு இடையிலான இந்த வசதியை 2025-ம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தோடு நிறுத்தும்படி என்.பி.சி.ஐ. உத்தரவிட்டது. ஒரு வசதியைச் சேர்ப்பதுதான் முன்னேற்றம் என்று இல்லை. தொல்லை தரும் வசதியை எடுத்து விடுவதும் முன்னேற்றமே.

ஐந்து பேர் போதும்

இந்தத் திருத்தங்கள் நல்லவை. ஆனால் வருவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கில் செலவு ஆகுமா?

ஆகாது என்கிறார், டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர். இவர் 2000-ம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பிரசித்தம். அவருடைய கணக்குப்படி, பயன்படுத்தும் மக்களில் 5 பேரை அழைத்து உட்காரவைத்துச் சோதித்தாலே, 100-க்கு 85 குறைகள் வெளியே வந்துவிடும். பிறகு அவற்றைத் திருத்தி, வேறு 5 பேரிடம் மறுபடி காட்ட வேண்டும்.

சோதிக்கும் முறை மிகவும் எளிது. ஒருவரிடம் போனைக் கொடுத்து, "இந்த எண்ணுக்கு ரூ.10 அனுப்புங்கள்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு வாயைத் திறக்கக்கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாகத் தொடுகிறார், எந்தச் சொல்லைப் பார்த்து விழிக்கிறார் என்று பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும். அவர் தடுமாறும்போது, "அது இல்லை, பக்கத்தில் இருப்பது" என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. உண்மையில் அவர் தனியாக இருக்கும்போது பக்கத்தில் யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

ஆனால் எந்த 5 பேர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய ஆபீசில் குளிர்பதன அறையில் இருக்கும் 5 பேரைச் சோதித்தால் அண்ணாச்சியின் கஷ்டம் தெரியாது. செயலிகளைத் தயாரிக்கும் பெரிய ஆபீஸ்கள் பல பாந்த்ரா-குர்லா வளாகத்திலும் பெங்களூரிலும் இருக்கின்றன. பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது மித்தி ஆறு ஒன்றுதான். ஆற்றைத் தாண்டி வந்து, ஓர் இட்லி வியாபாரி, ஒரு தோல் பட்டறைத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா, கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, புதிதாக ரெயில் இறங்கிய ஓர் இளைஞன் என்று 5 பேரைப் பார்த்தால் போதும். ஒரே மாலையில் உண்மை தெரிந்துவிடும்.

இன்னும் வேண்டியவை

நானும் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். தெரிந்தவர்கள் 5 பேரிடம் அவரவர் போனிலேயே ரூ.1 அனுப்பச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தேன். கண்டவை இவை:

பணம் நடுவழியில் நின்றபோது திரையில் வந்த வார்த்தை, "பரிவர்த்தனை செயலாக்கத்தில் உள்ளது." இருவருக்கு அது புரியவில்லை. ஒருவர், "சரி, போகவில்லை போல இருக்கிறது" என்று மறுபடி அனுப்பப் போனார். தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே அது தமிழாகி விடுமா? "பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். போய்ச் சேராவிட்டால் உங்கள் கணக்குக்கே திரும்பி வரும்" என்று மூன்று வரி போட்டால் குழந்தைக்கும் புரியும்.

தொகையை எழுத்தாலும் காட்டுவது எல்லாச் செயலிகளிலும் இருக்க வேண்டும். 500-க்கும் 5000-க்கும் ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம். "ஐந்தாயிரம் ரூபாய்" என்று எழுத்தில் வந்தால் கண் நிற்கும். வங்கிச் செக்கிலும் மணியார்டரிலும் காலம் காலமாக இருந்த காவல் இது.

ஆளின் பெயர் திரையிலேயே பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். முடிந்தால் தமிழிலும் இருக்க வேண்டும். முதல் தடவையாக ஓர் எண்ணுக்கு அனுப்பும்போதும், நீண்ட நாள் கழித்து அனுப்பும்போதும், "இவர்தானா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்டால் யாரும் படிக்காமல் 'சரி' என்று தட்டி விடுவார்கள். கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்பதே சாமர்த்தியம்.

கடன் விளம்பரமும், பரிசுச் சீட்டும் பணம் அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணாடி போட்ட குமாஸ்தா இரண்டு தடவை விளம்பரத்தைத் தொட்டு விட்டு விழித்தார்.

புகார் செய்யும் இடம் கண்ணில் படவேண்டும். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பணம் அனுப்ப மூன்று தட்டுப் போதும். புகார் செய்ய எங்கெங்கோ தேட வேண்டி இருக்கிறது. இது நியாயமா?

நாம் செய்ய வேண்டியது

திருத்தம் அங்கே இருந்து வரும் வரை, நாமும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. வாசகர்கள் இவற்றை மனதில் வைக்கவும்:

ஊரில் யாராவது எண்ணை மாற்றினால், பழைய எண்ணை அன்றே போனில் இருந்து அழித்து விடுங்கள்.

புது எண்ணுக்கு முதலில் ரூ.1 அனுப்புங்கள். போன் செய்து "வந்ததா?" என்று கேளுங்கள். பிறகு முழுப் பணத்தையும் அனுப்புங்கள்.

பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கும், இருப்பைப் பார்ப்பதற்கும்தான் அது வேண்டும். "வாங்குவதற்கு ரகசிய எண்ணைப் போடு" என்று எவன் சொன்னாலும் அவன் மோசக்காரன்.

நம் கணக்கில் கழிந்து, மற்றவர் கணக்கில் சேராமல் போனால் பதற வேண்டாம். மறுநாளைக்குள் அது தானாகவே திரும்பி வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-ம் ஆண்டு போட்ட விதி. அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.100 வீதம் நமக்கு நஷ்ட ஈடு சேரவேண்டும். கடையில் கொடுத்த பணம் என்றால் கெடு 5 நாள்.

தவறான ஆளுக்குப் போய்விட்டால், செயலியிலும் வங்கியிலும் உடனே புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக் கொள்ளுங்கள். வாங்கியவர் சம்மதித்தால்தான் பணம் திரும்பும். ஆகவே தாமதம் கூடாது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மோசடி என்றால் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே போன் செய்யுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. திரையில் ஏதாவது புரியவில்லை என்றால், அதையும் புகாராக எழுதுங்கள். "இந்த வார்த்தை புரியவில்லை", "இந்த எழுத்து தெரியவில்லை" என்று ஒரே வரி போதும். தமிழிலேயே எழுதுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால், எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் அங்கே கணக்கு எழுதிக் கொள்வார்கள்.

எட்டாயிரம் என்ன ஆயிற்று?

அண்ணாச்சியின் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாட்டுங்காப் பெரியவரே மறுநாள் அவரை வங்கிக்கு அழைத்துப் போனார். பழைய வழக்கப்படி தன் கையாலேயே புகார் மனு எழுதிக் கொடுத்தார். பணம் போய்ச் சேர்ந்த ஆசாமி வெளியூரில் ஒரு கூலித் தொழிலாளி. தனக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம். வங்கியில் இருந்து கேட்டதும் மறுக்காமல் சம்மதம் கொடுத்தார். 19-வது நாள் பணம் திரும்பி வந்தது. நல்ல மனிதர், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் தீபாவளி அதற்குள் முடிந்து விட்டது. தாயாரின் மருந்துக்கு மைத்துனர் வட்டிக்குக் கடன் வாங்கி இருந்தார். அந்த வட்டியை எந்த விதியும் திருப்பித் தரவில்லை.

சமீபத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். பணம் அனுப்பும் முன்பு திரையில் வரும் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க, பள்ளியில் படிக்கும் மகளிடம் ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொண்டு வருகிறார். 50 வயதில்!

"எனக்குப் படிக்க வருதோ இல்லியோ தம்பி, படிச்சுத்தானே ஆகணும்" என்றார்.

அவர் படிக்கட்டும்; நல்லதுதான். ஆனால் அவர் மைத்துனரின் பெயரை அவருக்குத் தெரிந்த தமிழில் பெரிதாகக் காட்ட அந்தத் திரையும் படித்துக்கொள்ள வேண்டாமா?